ஸ்டீபன் அடித்த நீலம்

நகத்துல இருக்கறது நெயில் பாலிஷ் இல்லைங்கக்கா, பெயிண்ட்டு. நீங்களும் ரொம்ப நேரமா பாத்துட்டே வர்றீங்க, கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குது போல, அதான் நானே சொல்லிட்டேன். கார் பெயிண்ட்டு. தின்னர் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன், ஓரத்துல மட்டும் போக மாட்டேங்குது. நகம் வளர்ந்து வெட்டுனாத்தான் போகும்.

நீங்க திருப்பூர் வரைக்குமா? நான் கருமத்தம்பட்டி தாண்டுனதும் எறங்கிருவேன். அப்ப உங்ககிட்டச் சொல்றதுல ஒண்ணும் இல்லை. எங்க ஊர்ப் பக்கம் யாருகிட்டயும் சொல்லலைங்க. சொல்றதுக்குப் பெருசா என்ன இருக்குது, ஒரு ஆளு செத்துப்போன கதைதான். வருத்தமான கதை எல்லாம் இல்லை. கேட்டா நீங்களே சிரிப்பீங்க.

எங்க வீட்டுக்காரர் பேரு மகுடீஸ்வரன். எல்லாரும் மகுடுன்னு கூப்பிடுவாங்க. வீட்டை ஒட்டியே ஷெட்டு போட்டு பைபர் வேலை செய்யறாரு. வேனுக்கு பம்பர், பஸ்ஸுக்கு முன்மூஞ்சி, கார்க்காரங்க ஆசைக்குக் கேக்கற சின்னச் சின்ன அயிட்டம். ஒருதடவை கோயில் தேர் முன்னாடி வெக்கறதுக்கு ரெண்டு குதிரை கூடச் செஞ்சு குடுத்தோம். அவரு மோல்டு எடுப்பாரு, பைபர் ஒட்டுவாரு. கை சுத்தம். அதுல அவரை அடிச்சுக்க ஆளு இல்லை. ஆனா பெயிண்ட் மட்டும் வராது. கை அவசரம். அடிச்சா வழிஞ்சு நிக்கும்.

முன்னாடி ஒரு பெயிண்டர் வந்துட்டிருந்தாரு. திடீர்னு சவுதிக்குப் போயிட்டாரு. அன்னைக்கு ஒரு வேன் பம்பர் குடுத்தாகணும். இவரு அடிச்சு, வழிஞ்சு, சுரண்டி, மறுபடி அடிச்சு, மறுபடி வழிஞ்சு, பெயிண்ட் அடிக்கற ஸ்ப்ரே கன்னைத் தூக்கிக் கீழ வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. நான் சும்மா எடுத்துப் பாத்தேன். எனக்கு எங்கம்மா வீட்டுல பத்தாவது படிக்கறப்ப இருந்து இஸ்திரி வேலை. பள்ளிக்கூடத்து டீச்சர்ங்க சீலையெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும். இதுவும் அதேதாங்க. கை நின்னா பொசுங்கிரும், ஓடுனா சுருக்கம் நிக்கும். முன்னாடி போன தடத்துல பாதியை மறுபடி தொட்டுட்டே போகணும். ஒரு மணி நேரத்துல பம்பர் கண்ணாடி மாதிரி நின்னுச்சு. அவரு வந்து பாத்துட்டு, "யாரு வந்தா?"ன்னு கேட்டாரு. நான்தான்னு சொன்னேன். நம்பவே இல்லை. இன்னொரு துண்டுல அடிச்சுக் காட்டுனேன்.

வேன்காரர் வந்து தடவித் தடவிப் பாத்துட்டு, யாரு மகுடு அடிச்சதுன்னு கேட்டாரு. நான் பக்கத்துலதான் டீ டம்ளரோட நின்னுட்டிருந்தேன். இவரு சட்டுனு, "ஸ்டீபன்னு ஒரு ஆளு, நாகர்கோவில்காரர்"னு சொல்லிட்டாரு.

அப்புறமா ஏன் மாமா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். பொண்டாட்டி அடிச்சதுன்னு சொன்னா வண்டிக்காரன் சிரிப்பான், அப்புறம் அடுத்த தடவை வேற ஷெட்டுக்குப் போயிருவான், அதுவும் இல்லாம ஒரு கீறல் விழுந்தாக்கூடப் பொம்பளை அடிச்சதுன்னு பேச்சு வரும்னாரு. அவரு சொல்றதும் சரிதானுங்களே. சரி, அது ஏன் ஸ்டீபன்னு கேட்டேன். அதுக்கும் ஒரு கணக்கு வெச்சிருந்தாரு. நம்ம பக்கத்துப் பேரு சொன்னா, எந்த ஊரு, யாரு மகன், அம்மா ஊரு எதுன்னு மூணாவது கேள்வியில சொந்தம் கண்டுபிடிச்சிருவாங்க. ஸ்டீபன், நாகர்கோவில்னா அதோட விட்டுருவாங்கன்னாரு. எங்க வீட்டுக்காரருக்கு அந்த மாதிரி மூளை நல்லா வேலை செய்யும்.

அப்படித்தாங்க ஸ்டீபன் வந்தாரு. மூணு வருசம் எங்ககூட இருந்தாரு.

விடியக்காலைலதான் அடிப்பேன். அப்பத்தான் காத்து இருக்காது, தூசி பறக்காது, பாப்பாவும் தூங்கிட்டு இருக்கும். ஆளுங்க கண்ணுலயும் படாது. அவரோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, மூஞ்சிக்கு மாஸ்க்கு. ஏழு மணிக்கு எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு பாப்பாவுக்குத் தலை சீவ வந்துருவேன். பாப்பா பேரு தன்ஷிகா, ரெண்டாவது படிக்குது. வர்றவங்க எல்லாம் ஸ்டீபனைப் பாக்கணும்பாங்க. இவரு, அவரு யாருகிட்டயும் பேச மாட்டாரு, விடியக்காலை வந்துட்டு விடிஞ்சதும் போயிருவாரு, ரொம்பக் கோவக்காரருன்னு சொல்லுவாரு. சொல்லச் சொல்ல ஸ்டீபன் பெரிய ஆளாயிட்டே போனாரு. சர்க்கரை போடாத டீதான் குடிப்பாருன்னு ஒருநாள் நானே ஒண்ணு சேத்து விட்டேன். வீட்டுக்குள்ள எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. "ஸ்டீபனுக்கு இன்னைக்கு என்ன கொழம்பு?"ன்னு கேப்பாரு. "ஸ்டீபனுக்கு இடுப்பு வலி, நீங்களே சோறு போட்டுக்கங்க"ம்பேன். எங்க அத்தை, அதாவது அவங்கம்மா, அவங்களுக்கு மட்டும் பிடிக்காது. ஊட்டுக்குள்ள ஊர் பேர் தெரியாதவனை வெச்சுக் குடும்பம் நடத்தறீங்கன்னு திட்டுவாங்க.

இதுல எனக்கு ஒரு மனக்குறையும் இல்லைங்கக்கா. அதை முன்னாடியே சொல்லிடறேன்.

அப்புறந்தான் டாக்டரம்மா வந்தாங்க.

எலும்பு டாக்டர். அகிலாண்டேஸ்வரின்னு பேரு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். முடி கட்டையா வெட்டி, முழுக்க வெள்ளை. அவங்க வெச்சிருக்கற வண்டியைப் பாக்கணும் நீங்க. ரெண்டே கதவு, தரையோட தரையா இருக்கும். கட்டிலுக்கு அடியில போன துணியை எடுக்கற மாதிரி குனிஞ்சுதான் உள்ள ஏறணும். கருநீலம். வெயில் பட்டா உள்ள இருந்து வேற ஒரு நீலம் எந்திரிச்சு வரும். ரேஸ் ஓட்டறவங்க வெச்சிருக்கற மாதிரி வண்டி. ஸ்டீபன் பேரைக் கேள்விப்பட்டு அவங்களேதான் ஓட்டிட்டு வந்தாங்க.

போன்ல ஒரு படம் காட்டுனாங்க. பின்கண்ணாடிக்கும், கதவுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கற சின்னக் கண்ணாடிக்கும் மேல, சாய்வா பட்டை பட்டையா ஒரு மூடி. லூவர்னு சொன்னாங்க. வெயிலும் உள்ள அடிக்காது, பாக்கவும் வேகமா தெரியும். வெளியூர்ல இருந்து வரவழைச்சா கருப்புல பிளாஸ்டிக்குல வருது, எனக்கு வண்டி கலர்லயே வேணும்னாங்க. எங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, மீனுக்குச் செவுள் வெச்ச மாதிரி இருக்குதுன்னாங்க. அன்னைல இருந்து நாங்க அதைச் செவுள்னுதான் சொல்லுவோம். நான் டாக்டர்கிட்ட, இதை மாட்டுனா பின்னாடி வர்ற வண்டி தெரியாதுங்களேன்னு கேட்டேன். "பின்னாடி வர்றவன் என்னைப் பாத்துக்கட்டும்"னாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

நீ என்னம்மா பண்றேன்னு என்னையக் கேட்டாங்க. நான் சும்மா வீட்டுலதாங்க, இவருக்குக் கூடமாட உதவின்னு சொன்னேன்.

செவுள் செய்யறது லேசுல்லைங்க. கண்ணாடி பாக்கறதுக்குத்தான் தட்டையா இருக்கும், உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமா வளைஞ்சிருக்கும். கண்ணாடி மேல டேப் ஒட்டி, மெழுகு தேச்சு, அது மேலயே பைபரை ஒட்டி, காஞ்சதும் அப்படியே உரிச்சு எடுத்தோம். அப்பத்தான் அந்த வளைவு அப்படியே வரும். அது மேல பட்டைங்களைச் சரிவா நிறுத்தி, பட்டி வெச்சு, தேச்சு, அதுல மோல்டு எடுத்து, மோல்டுல இருந்து பீஸ். பின்னாடிக்கு அஞ்சு பட்டை, பக்கத்துக்கு நாலு நாலு. ஒவ்வொரு பட்டைக்கும் உள்பக்கம் விரல் விட்டுத் தேய்க்கணும். வாட்டர் பேப்பர்னு ஒரு உப்புத்தாள், அதுல தேச்சே ரெண்டு வாரம். விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிரும், சோத்துச் சூடு கூடத் தெரியாது. அது எனக்குப் பழகிப் போச்சு.

பெயிண்ட்டுலதான் விஷயமே. இந்த மாதிரி மினுக்குற பெயிண்ட்டுல பொடிப்பொடியா அலுமினியம் மாதிரி ஒண்ணு கலந்திருக்கும். எல்லாரும் பீஸை மேசை மேல படுக்க வெச்சு அடிப்பாங்க. அப்ப அந்தப் பொடி தட்டையாப் படுத்துக்கும். வண்டியில மாட்டுறப்ப பீஸ் நிக்குது, வண்டியோ நின்ன வாக்குல அடிச்ச பெயிண்ட்டு. ரெண்டும் ஒரே டப்பாவுல இருந்து வந்ததுதான், ஆனா சேராது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரலைங்க. அடிச்சு அடிச்சுப் பாத்து நானே தெரிஞ்சுக்கிட்டேன். அதனால வண்டியில எப்படி நிக்கப்போகுதோ அதே சாய்வுல பீஸைக் கட்டித் தொங்க விட்டுத்தான் அடிப்பேன். ஷெட்டுல பாப்பாவுக்குத் தொட்டில் கட்டுன கொக்கி இருக்குது, அதுல.

பின்னாடிது அடிச்சேன். இடது பக்கத்துது அடிச்சேன். வலது பக்கத்துது அடிக்க வேண்டிய அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியலை. டாக்டரம்மா மத்தியானம் வர்றதாச் சொல்லியிருந்தாங்க. இவரு, ஒண்ணே ஒண்ணுதானே, நானே அடிச்சுக்கறேன் படுன்னுட்டாரு. பாசத்துலதான் சொன்னாரு. வழியவும் இல்லை, நல்லாத்தான் அடிச்சிருந்தாரு. ஆனா மேசையில படுக்க வெச்சு அடிச்சிருக்காரு.

மத்தியானம் மாட்டுனாங்க. நான் போர்வையைப் போத்திட்டு ஜன்னல்ல இருந்து பாத்தேன். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சு, ரெண்டு பக்கம் ஒட்டுற டேப்பைப் பிரிச்சு, வெச்சு அமுக்கிப் பிடிச்சாரு. வண்டியை வெயிலுக்கு எடுத்தாங்க. டாக்டரம்மா ஒரே ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. இடது பக்கம் நின்னாங்க. வலது பக்கம் நின்னாங்க.

"இது ஸ்டீபன் அடிச்சது இல்லையே"ன்னாங்க.

இவரு என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு, வெயில்ங்க, நிழல்ங்க, ரெண்டு நாள் காயணும்ங்கன்னு. அவங்க கேக்கலை. "நான் முப்பது வருசமா எக்ஸ்ரே பாக்கறேன் மகுடு, ஒரு கை செஞ்சதையும் இன்னொரு கை செஞ்சதையும் பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியும்"னாங்க. கடைசியில இவரே ஒத்துக்கிட்டாரு, ஸ்டீபனுக்குக் காய்ச்சல், நான்தான் அடிச்சேன்னு. அதுல பொய் இல்லை பாருங்க. அதைக் கழட்டுங்க, ஸ்டீபனுக்கு உடம்பு சரியாகட்டும், நான் காத்திருக்கேன்னு சொல்லிட்டு டாக்டரம்மா ஒரு மாத்திரைச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ஸ்டீபனுக்கு. அந்த மாத்திரையைத்தான் நான் சாப்பிட்டேன். ரெண்டே வேளையில கேட்டுச்சு.

ஒட்டுன டேப் லேசுல வராது. தூண்டில் நரம்பை உள்ள விட்டு அறுத்து அறுத்துத்தான் எடுத்தோம். நான் மறுபடி தேச்சு, கொக்கியில கட்டி, அடிச்சேன். அந்தத் தடவை அடிச்சது மாதிரி நான் எப்பவும் அடிச்சதில்லைங்கக்கா. கை தானாப் போச்சு. முடிச்சுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், பாப்பா எந்திரிச்சு வந்து பசிக்குதுன்னு சொல்ற வரைக்கும்.

இதுக்கு நடுவுல டாக்டரம்மா போன் பண்ணி இருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரேஸ் வண்டிக்குப் பாடி கட்டற கம்பெனி வெச்சிருக்காராம். நல்ல பெயிண்டர் கிடைக்காம அலையறாராம். செவுளைப் பாத்துட்டு ஸ்டீபன்தான் வேணும்னு நிக்கறாராம். மாசச் சம்பளம், கம்பெனி பஸ்ஸு, தூசி இல்லாத கண்ணாடி ரூமுக்குள்ள வேலை, வெளிக்காத்து தனியாக் குழாய்ல மூஞ்சிக்கு வருமாம். இவரு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாரு, நான் வெங்காயம் உரிச்சுட்டே கேட்டேன்.

அந்தக் கம்பெனி பஸ்ஸு எங்க ரோட்டுலதாங்க போகும். நான் பாத்திருக்கேன். பொம்பளைங்களும் ஏறுவாங்க. கழுத்துல அடையாள அட்டை போட்டு, சாப்பாட்டுக் கூடையோட. ஒரு வாரம் பூரா அது என்னமோ என் கண்ணுலயே பட்டுட்டு இருந்துச்சு. அந்தக் கண்ணாடி ரூமு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாப்பேன். சும்மா, நெனைக்கறதுதானே.

ஒருநாள் சோறு போடறப்ப மெதுவாக் கேட்டேன். மாமா, நான்தான்னு சொல்லிரலாமான்னு. அவரு கோவப்படவே இல்லைங்க. இலையைப் பாத்துட்டே, "மூணு வருசமா ஊரையே ஏமாத்துனவன்னு ஆயிரும் மேகலா. அப்புறம் மூஞ்சியை எங்க கொண்டு போயி வெக்கறது?"ன்னாரு. அவரு மூஞ்சி அவருக்கு முக்கியம்தானே. ரசம் ஊத்துனேன்.

டாக்டரம்மா மறுபடி வந்தாங்க. கூடவே அந்தக் கம்பெனிக்காரரும். ஸ்டீபனைப் பாக்காம போறதில்லைன்னு முடிவோட வந்திருந்தாங்க. இந்தத் தடவை வலது பக்கத்தை மாட்டறப்ப நான்தான் அமுக்கிப் பிடிச்சேன். வெயிலுக்கு எடுத்துட்டுப் போயி சுத்திப் பாத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா, வண்டியோட பொறந்த மாதிரி இருந்துச்சு. கம்பெனிக்காரர் குனிஞ்சு பட்டைக்கு உள்பக்கமெல்லாம் பாத்தாரு. உள்பக்கம் கூட ஒரு புள்ளி இல்லைன்னாரு.

டாக்டரம்மா கேட்டாங்க. "ஸ்டீபன் எங்க?"

இவரு என்னையப் பாத்தாரு. இத்தனை வருசத்துல அவரு என்னைய அப்படிப் பாத்ததில்லை. எதையோ என் கையில குடுத்துட்ட மாதிரி. எங்க அத்தை வாசப்படியில வந்து நின்னுட்டாங்க. ரெண்டு பேரும் என்னையவே பாக்கறாங்க. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாதுங்க.

"ஸ்டீபன் தவறிட்டாருங்க டாக்டர்"னு சொன்னேன்.

"எப்போ?"

"போன வெள்ளிக்கிழமைங்க. இதை அடிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போனாரு. போன எடத்துல."

"எப்படிம்மா?"

"நெஞ்சுல பெயிண்ட் தங்கிருச்சாமாங்க."

"மாஸ்க் போட மாட்டாரா?"

"போடுவாருங்க. எப்பவும் போட்டுட்டுத்தான் இருப்பாரு."

"குழந்தைங்க?"

"ஒரு பொண்ணுங்க. ரெண்டாவது படிக்குது."

சொன்னதுக்கு அப்புறந்தான் அது என் பொண்ணுன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. வாயில வந்ததை எல்லாம் எடுத்துக் குடுத்துட்டு இருந்திருக்கேன். இவரு பின்னாடி இருந்து இருமுனாரு. டாக்டரம்மா செவுள் மேல கையை வெச்சாங்க, நோயாளி நெத்தியில வெக்கற மாதிரி. கம்பெனிக்காரர் தொப்பியைக் கழட்டிட்டாரு. நாங்களும் தலையைக் குனிஞ்சு நின்னோம். நிக்காம என்ன பண்றது.

பொண்ணோட படிப்பை நான் பாத்துக்கறேன், அட்ரஸ் குடுங்கன்னாங்க. இவரு, அவங்க ஊரை விட்டே போயிட்டாங்கன்னு சமாளிச்சாரு. போறப்ப டாக்டரம்மா கதவைத் திறந்து வெச்சுட்டு என்கிட்டத் திரும்புனாங்க.

"நீ அவரு அடிக்கறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கியாம்மா?"

"பாத்திருக்கேங்க."

"கொஞ்சமாவது கத்துக்கிட்டியா? கத்துக்கிட்டிருந்தாச் சொல்லு, உன்னையவே கூட்டிட்டுப் போறேன்."

எனக்கெதுக்குங்க அதெல்லாம்னு சொல்லிட்டேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன். அவங்க குனிஞ்சு வண்டிக்குள்ள போனாங்க. வண்டி போறப்ப பின்னாடி இருந்து பாத்தேன். வெயில்ல அந்த நீலம் எந்திரிச்சு வந்துச்சு. வளைவுல திரும்பற வரைக்கும் தெரிஞ்சுது.

எனக்கு ஒண்ணும் தோணலைங்கக்கா. நெஜமாலுமே ஒண்ணும் தோணலை. உள்ள போயி உலை வெச்சேன்.

இவருக்கு அன்னைக்கு ஒரே சந்தோசம். உனக்கு இத்தனை மூளை இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே புள்ளன்னு பத்துத் தடவை சொன்னாரு. ஹோட்டல்ல இருந்து பிரியாணி வாங்கிட்டு வந்தாரு. எனக்குத்தான் எறங்கலை. எங்க அத்தை பாத்துட்டு, "எழவு வீட்டுக்காரி மாதிரி உக்காந்திருக்காதே, போயி தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து தின்னு"ன்னாங்க. அவங்க வாயி எப்பவும் அப்படித்தான். நானும் போயி ஊத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம் கொஞ்சம் எறங்குச்சு.

மறுநாளு எப்பவும் போல விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துருச்சு. சட்டையைப் போட்டு, துண்டைக் கட்டி, ஒரு வேன் பம்பரைக் கொக்கியில மாட்டிட்டு கன்னை எடுத்தேன். இவரு எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சாரு. செத்தவன் எப்படிப் புள்ள அடிப்பான்னாரு.

பாருங்களேன், அதை நான் யோசிக்கவே இல்லை. அடிச்சா அதே கைதானே தெரியும். டாக்டரம்மா மாதிரி ஒருத்தர் கண்ணுல பட்டாப் போதும். அவரு சொல்றதும் சரிதானுங்களே. இப்பப் பீஸெல்லாம் சோமனூர்ல இருக்கற ஒரு பெயிண்டர்கிட்டப் போகுது. அவரு மேசையிலதான் படுக்க வெச்சு அடிக்கறாரு. யாரும் கண்டுபிடிக்கறதில்லை. நான் தேய்க்கறதோட சரி. எனக்கும் ரெஸ்ட்டு. விடியக்காலைல முழிப்பு மட்டும் வந்துருது. கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன். ஆறு மணிக்கு எந்திரிச்சாப் போதும் இப்பெல்லாம்.

சேதி பரவி, போன் மேல போன். ஸ்டீபனைப் பாத்தே இருக்காதவங்க எல்லாம் அழுகாத குறையாப் பேசுனாங்க. அந்த மாதிரி கை இனிப் பொறக்காதுன்னு வேன்காரர் சொன்னாரு. நான்தான் போனை எடுத்தேன். ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டேன். அப்படியெல்லாம் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. உசுரோட இருந்தப்ப யாரும் சொல்லலை.

அப்புறம் எங்க தொழில்காரங்க சங்கத்துத் தலைவரு, நாச்சிமுத்து அண்ணன், வீட்டுக்கே வந்துட்டாரு. நாகர்கோவில்ல இருந்து வந்து நம்ம மண்ணுல பேரு வாங்குனவன், சொந்தம்னு யாரும் இல்லைன்னா நாமதான் செய்யணும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கறோம், போட்டோ குடு மகுடுன்னாரு. இவரு வேண்டாம்னா சந்தேகம் வரும். போன்ல தேடித் தேடிப் பாத்து ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. எப்பவோ ஷெட்டுல சும்மா எடுத்தது. நான்தான். முழுக்கைச் சட்டை, துண்டு, மாஸ்க்கு, கையில கன்னு. கண்ணு மட்டுந்தான் தெரியும்.

தோற்றம்னு போட ஒரு தேதி வேணும்ல? நாச்சிமுத்து அண்ணன் கேட்டாரு. இவரு யோசிக்கவே இல்லை, டக்குனு ஒரு தேதி சொன்னாரு. என் பொறந்த நாளுங்கக்கா. வருசம் முதற்கொண்டு. கல்யாணமாகி ஒன்பது வருசத்துல ஒருதடவை கூட அவரு அதைச் சொன்னதில்லை, மறந்துட்டாருன்னே நெனச்சிருந்தேன். மனுசன் மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்காரு பாருங்க. அன்னைக்கு எனக்கு எத்தனை சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா.

ஊரு பூரா ஒட்டியிருக்காங்க. பெருசா. தோற்றம், மறைவு, எங்களை விட்டுப் பிரிந்த வண்ணக் கலைஞர், கீழ சங்கத்துக்காரங்க பேரெல்லாம். எங்க வீட்டுக்காரர் பேரு முதல்ல இருக்குது, கண்ணீருடன்னு. பாப்பா ஸ்கூல் வேன்ல போறப்ப தினமும் பாக்குது. முந்தாநாளு வந்து, "அம்மா, அந்தச் செத்தவங்க கண்ணு உன் கண்ணு மாதிரியே இருக்குது"ன்னுச்சு. மூஞ்சியை மூடிட்டா எல்லாரு கண்ணும் ஒண்ணாத்தான் இருக்கும் கண்ணுன்னு சொன்னேன். நம்பிருச்சு. ஆனா அதுல இருந்து ராவுல என் பக்கத்துலதான் வந்து படுக்குது.

ஸ்டாப்புல டீக்கடைக்கார அண்ணன் அந்தப் போஸ்டருக்கு ஆணி அடிச்சு ஒரு மாலை போட்டிருக்காரு. காலைல கடை திறந்ததும் ஊதுபத்தி காட்டறாரு. இவரு நேத்து என்கிட்ட, நாம ஒண்ணுமே செய்யாம இருந்தா நல்லா இருக்காது, நீயும் போறப்ப வர்றப்ப ஒரு பூ வைன்னாரு. வாங்கி வெச்சேன். வெக்கறப்பவாவது ஏதாவது தோணும்னு பாத்தேன். ஒண்ணும் தோணலைங்க.

எந்திரிக்கறேங்கக்கா, எங்க ஸ்டாப்பு வந்துருச்சு. பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. வண்டி நகர்றப்ப இடது பக்கம் பாருங்க, டீக்கடைச் சுவத்துல. பெரிய போஸ்டர்தான், நல்லாத் தெரியும். பாத்தா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க. நல்ல வேலைக்காரரு.